தேதிக்கு முன்னால் வந்த கடல்

வருங்கால வணிகத் திசை ஆணையத்துக்குள் நுழைகிறவர்கள் முதலில் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொள்ள வேண்டும். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். இதை வாசல் காவலாளியே அன்பாகச் சொல்லிக்கொடுத்துவிடுவார். உள்ளே ஏன் தண்ணீர் நிற்கிறது என்று மட்டும் அவரிடம் கேட்கக் கூடாது. கேட்டால், "கசிவுங்க" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்ப்பார்.

துறைமுகத்தை ஒட்டி, கடலுக்கு முதுகைக் காட்டியபடி நிற்கும் கண்ணாடிக் கட்டடம் அது. உலகம் சூடாகிக்கொண்டிருக்கிறது, பனி உருகி வடக்கே புதிய கப்பல் வழிகள் திறக்கப் போகின்றன, நேற்றுவரை ஏழை நாடு என்று பாடப்புத்தகத்தில் இருந்தவை இன்று சாமான் வாங்கக் கிளம்பிவிட்டன, ஆகவே நம்முடைய சரக்கு இனி எந்தத் திசையில் போக வேண்டும் என்று முன்கூட்டியே யோசிக்க ஓர் ஆணையம் வேண்டும் என்று மேலே யாருக்கோ தோன்றியது. நல்ல யோசனைதான். ஆணையமும் யோசித்தது. யோசித்ததை எல்லாம் வழவழப்பான தாளில் அச்சடித்து, கெட்டி அட்டை போட்டு, தொலைநோக்கு அறிக்கை என்று வெளியிட்டது.

அந்த அறிக்கையின்படி கடல் மட்டம் உயர்வது 2050இல். இது முடிவான விஷயம். அட்டையிலேயே படம் போட்டிருக்கிறது. ஆகவே அதற்கு முன்பே தரைத்தளத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் வந்தபோது, அது கடலாக இருக்க முடியாது என்று ஆணையம் உடனே புரிந்துகொண்டது. குழாயில்தான் எங்கோ கசிவு.

பிளம்பரைக் கூப்பிட்டார்கள். அவர் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்பு கரிக்குதுங்க, இது கடலு" என்றார். பிளம்பரின் நாக்கு அங்கீகரிக்கப்பட்ட அளவுகருவி ஆகாது என்று எழுதி அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்து வந்த பிளம்பர் உலகம் தெரிந்தவர். தண்ணீரைப் பார்க்கவே இல்லை. அதிகாரிகளின் முகத்தைப் பார்த்தார். "கசிவுதாங்க. கொஞ்சம் பெரிய கசிவு. அடிக்கடி வந்து பார்த்துக்கணும்" என்றார். அன்றிலிருந்து அவர்தான் நிரந்தரமாக வந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். கசிவில் எப்போதாவது ஒரு நண்டும் வரும். அதைப் பார்வையாளர்களோடு சேர்த்து எண்ணிவிடுவார்கள்.

இந்த ஆணையத்தின் வாசலில்தான் கோன்காரர் ஒரு நாள் காலை கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு நின்றார்.

கோன்காரர் என்றால் ஐஸ்கிரீமுக்குக் கீழே இருக்கும் கோனைச் செய்கிறவர். ஐஸ்கிரீம் செய்கிறவர் இல்லை. இந்த வித்தியாசத்தை விளக்கியே அவருக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. "ஐஸ்கிரீமுக்கு எதிரி வெயிலு. எனக்கு எதிரி ஈரம். வெயில் எனக்குக் கூடப்பிறந்த பிறப்பு மாதிரி" என்பார். மாவு கரைப்பது, இனிப்பு பார்ப்பது, அச்சில் ஊற்றுவது எல்லாம் மனைவி. சுட்டு எடுத்து அடுக்குவதும், ஊர் முழுக்கப் பேசுவதும் இவர்.

அவர்களுக்கு முதல்முறையாக வெளிநாட்டிலிருந்து ஆர்டர் வந்திருந்தது. தூரத்து நாடு. கொள்முதல் செய்கிறவர் போனில் குரல் செய்தி அனுப்பியிருந்தார். "எங்க ஊர்ல வெயிலும் ஏறுது, சம்பளமும் ஏறுது. ரெண்டும் சேர்ந்து ஏறினா ஜனங்க எங்க போவாங்க? ஐஸ்கிரீம் கடைக்குத்தான். இத்தனை நாளா உலகத்தோட அந்தக் கோடியில இருந்து கோன் வரவழைச்சோம். நீங்க பக்கத்துல இருக்கீங்க. மொறுமொறுன்னு வந்தா இனிமே எல்லாம் உங்ககிட்டதான். நமத்து வந்தா, மன்னிச்சுக்கோங்க, பழைய ஆளுகிட்டயே போயிடுவோம்."

நமத்து வந்தால். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் புருஷன் பெண்டாட்டி இருவரும் தூக்கம் கெட்டு உழைத்தார்கள். இன்னொரு அச்சு இயந்திரம் வாங்கி, படுக்கும் அறையில் போட்டார்கள். கோன்களைக் கட்டுக்கட்டாக பிளாஸ்டிக்கில் சுற்றி, பெட்டிகளில் அடைத்து, கப்பலில் போகும் பெரிய இரும்புப் பெட்டிக்குள் ஏற்றினார்கள். மனைவி அதோடு விடவில்லை. இரும்புப் பெட்டியின் தரையிலிருந்து கூரைவரை உள்ளே தார்ப்பாய் ஒட்டினாள். கதவை மூடிய பிறகு இடுக்கு விடாமல் மெழுகு உருக்கி ஊற்றினாள்.

"அக்கா, கோன் அனுப்புறீங்களா, நீர்மூழ்கிக் கப்பல் விடுறீங்களா?" என்று லாரி டிரைவர் கேட்டார்.

"நீ வண்டிய ஓட்டு. காத்து உள்ள போச்சுன்னா எல்லாம் நமத்த அப்பளம் மாதிரி தொங்கிடும்."

டிரைவர் வண்டியை எடுத்தார். கொஞ்ச தூரம் போய் நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். "அண்ணே, நிஜமா சரக்கு ஏத்தினீங்களா? வண்டி வெத்தா போற மாதிரி துள்ளுது."

"கோனுக்கு ஏதுப்பா கனம்? பாதி காத்துதானே" என்றார் கோன்காரர் பெருமையாக.

ஏற்றுமதிக்குப் போகிற எந்தச் சரக்கும் ஆணையத்தின் திசைச் சான்று இல்லாமல் துறைமுக வாசலைத் தாண்டக் கூடாது. சான்று வரும்வரை சரக்கு ஆணையத்தின் பின்முற்றத்தில் காத்திருக்க வேண்டும். பெட்டியை அங்கே இறக்கி வைத்தார்கள். பின்முற்றத்தின் கடற்புறச் சுவர் போன வருஷமே விழுந்துவிட்டது. கசிவினால்தான். சுவர் இருந்த இடத்துக்கு அப்பால் தெரிந்த தண்ணீரில், கூப்பிடு தூரத்தில், இவர்களுடைய கப்பல் நின்றுகொண்டிருந்தது. அந்த வாரக் கடைசியில் கிளம்பிவிடும்.

"எட்டிப் பிடிச்சா கைக்கு வந்துடும் போல இருக்கு" என்றாள் மனைவி.

"ஒரு சீட்டுதானே, இன்னைக்கே வாங்கிடுவேன்" என்றார் கோன்காரர்.

பதிவு மேசையில் இருந்தவர் காலை நாற்காலியின் குறுக்குக் கட்டையில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"திசைன்னு கேட்டா நாட்டுப் பேரை எழுதியிருக்கீங்க?"

"அந்த நாட்டுக்குத்தாங்க போகுது."

"நாடு எங்களுக்கு எதுக்கு? உயர்ந்து வருவதா, தாழ்ந்து போவதா? அதைச் சொல்லுங்க."

கோன்காரர் குரல் செய்தியை நினைத்துப் பார்த்தார். "உயர்ந்துதாங்க வருது. சம்பளமெல்லாம் ஏறுதாம்."

"அப்படித் தெளிவா சொல்லணும்" என்று நாட்டின் பெயரை அடித்துவிட்டு, மேலே பெரிதாக 'உ.வ.' என்று எழுதினார்.

இங்கேதான் வினை ஆரம்பித்தது. ஆணையத்தில் இரண்டு உ.வ. பிரிவுகள் உண்டு. உயர்ந்து வரும் பொருளாதாரங்கள் பிரிவு மேல்மாடியில். உயர்ந்து வரும் கடல் பிரிவு தரைத்தளத்தில். கடலைக் கவனிக்கிற பிரிவு கடலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று அப்படி வைத்தார்கள். விண்ணப்பக் கோப்பை எடுத்துப் போன கடைநிலை ஊழியருக்கு முழங்கால் வலி. மாடிப்படியைப் பார்த்தார், கோப்பைப் பார்த்தார். உ.வ.தானே என்று தரைத்தளத்திலேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

கடல் பிரிவின் அதிகாரியை அலுவலகம் முழுக்க 'ஐம்பது சார்' என்றுதான் கூப்பிடும். எதைக் கேட்டாலும் "ஐம்பதுலதான்" என்பார். கடல் 2050இல் உயர்ந்த பிறகுதான் அவருடைய பிரிவுக்கு வேலை. அதற்கு வெகு முன்பே அவர் ஓய்வு பெற்றுவிடுவார். அதுவரை கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டி ஒன்றின்மேல் பாதங்களை வைத்துக்கொண்டு, சுவர் காலண்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். காலண்டரில் அங்கங்கே சின்னச் சின்ன வட்டங்கள் போட்டிருந்தார். அவை என்ன என்று யாரும் கேட்டதில்லை; அவரும் சொன்னதில்லை.

கோன்காரர் உள்ளே போனபோது ஐம்பது சார் கோப்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார். கண் லேசாகக் கலங்கியிருந்தது.

"உக்காருங்க, உக்காருங்க. எங்க பிரிவுக்கு வந்த முதல் ஃபைல் சார் இது! நான் சேர்ந்ததுல இருந்து ஒண்ணுகூட வந்ததில்ல. எனக்கு வேலை இருக்குன்னு வீட்ல கூட நம்ப மாட்டேங்குறா." கோப்பை ஒரு முறை போனில் படம் எடுத்துக்கொண்டார். பிறகு கண்ணாடியைப் போட்டுப் படித்தார். "ஆமா... கடலுக்கு எதுக்கு சார் கோன்?"

"கடலுக்கு இல்லீங்க, கடல் தாண்டி."

"இதுல கடல்னுதானே போட்டிருக்கு? பாருங்க, உ.வ."

"சார், அது நாடு. உயர்ந்து வர்ற நாடு."

"நாடெல்லாம் மேல்மாடி. என்கிட்ட வந்துட்டா கடல்தான்." அவர் குரலில் இரக்கம் வந்தது. "பயப்படாதீங்க. நான் முடிச்சுக் குடுத்துடறேன். எனக்கும் இதை விட்டா வேற ஏது?"

விதிப்படி முதலில் ஒரு பரிசோதனை. கடலுக்குள் போகும் பொருளால் கடல் மட்டம் உயருமா என்று பார்க்க வேண்டும். அதற்குக் கடல் வேண்டும். ஐம்பது சார் காலடியைப் பார்த்தார்.

"கடலுக்கு மாதிரியா இந்தக் கசிவையே வெச்சுக்கலாம். ரெண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கு."

சுவரில் தண்ணீர் நிற்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். கோன்காரர் மாதிரிக்குக் கொண்டுவந்திருந்த ஒரு கோனை மனசில்லாமல் தண்ணீரில் விட்டார். அது கொஞ்ச நேரம் தலையை ஆட்டியபடி மிதந்தது. பிறகு தொய்ந்து, மடங்கி, கூழாகி மேசைக்கடியில் போயிற்று. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே ஓதம் பொங்கிக் கடல் ஏறுகிற நேரம் அது. அவர்கள் மறுபடி சுவரைப் பார்த்தபோது பென்சில் கோட்டைத் தண்ணீருக்குள் தேட வேண்டியிருந்தது.

ஐம்பது சார் பாதங்களை இன்னும் மேலே தூக்கிக்கொண்டார். "சார்! ஒரு கோனுக்கே இவ்வளவு உயருதே! ஒரு பெட்டி நிறைய விட்டீங்கன்னா ஊரு என்ன ஆகுறது?"

"சார், அது கோன் இல்ல சார். வெளிய கடல் ஏறுது. ஜன்னல்ல பாருங்க."

"கடல் ஐம்பதுலதான் ஏறும்" என்றார் அவர் வருத்தமாக. "இப்ப ஏறினதுக்குக் கோனைத் தவிர வேற காரணம் எனக்குத் தெரியல." கோன்களால் கடல் மட்டத்துக்கு ஏற்படும் எந்த உயர்வுக்கும் தானே பொறுப்பு என்று கோன்காரரிடம் எழுதி வாங்கிக்கொண்டார்.

கோன்காரர் மாடிக்கு ஓடினார். அங்கே காய்ந்த கம்பளமும் குளிரும் இன்னொரு உலகமாக இருந்தன. சுவர் முழுக்க உலகப் படம். அதில் கலர் கலராக ஊசிகள். உயர்ந்து வரும் நாட்டுக்குப் பச்சை, உயர யோசிக்கும் நாட்டுக்கு மஞ்சள், உயர்ந்து முடித்த நாட்டுக்கு நீலம். பொருளாதாரப் பிரிவின் அம்மையார் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோன்காரர் சொட்டிக்கொண்டே நாட்டின் பெயரைச் சொன்னார்.

"அது மஞ்சள்" என்றார் அம்மையார். "அவங்க உயர இன்னும் நாள் இருக்கு. எங்க அட்டவணையில அடுத்த பத்தாண்டுலதான் வருது."

"ஆனா மேடம், இப்பவே வாங்குறாங்களே? என்கிட்டயே ஆர்டர் குடுத்திருக்காங்க."

"அது அவங்க அவசரம். நாங்க அவசரப்பட முடியாது." படத்தை ஒரு முறை பார்த்தார். "போன மாசம்கூட ஒரு நாடு இப்படித்தான், நாங்க பச்சை குத்துறதுக்குள்ள சொந்தமா ரயில் செஞ்சு வித்துட்டாங்க. ஒரு ஒழுங்கு வேண்டாமா?"

"சரி மேடம், மஞ்சளாவே இருக்கட்டும். கோன் நமத்துடும் மேடம். அந்த ஃபைலை மட்டும் கீழ இருந்து வாங்கிப் பாருங்களேன்."

"நமத்துடும்னா?"

கோன்காரர் பையிலிருந்து இன்னொரு கோனை எடுத்தார். காலையிலிருந்து ஈரக்காற்றில் இருந்த கோன். ஒடித்துக் காட்ட நினைத்தார். அது ஒடியவில்லை, வளைந்தது.

"நல்லாத்தான் வளையுது" என்றார் அம்மையார். "நெகிழ்வுத்தன்மைன்னு தொலைநோக்கு அறிக்கையில ஒரு அத்தியாயமே இருக்கு. ஃபைலைக் கடல் பிரிவு விடுவிச்சா அனுப்பச் சொல்லுங்க, பார்க்கலாம்."

கோன்காரர் மறுபடி கீழே வந்தார். ஐம்பது சார் அதற்குள் கோப்பில் அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தார்.

"எல்லாம் சரியாயிருக்கு சார். ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. சரக்கைப் பெறுபவர்னு ஒரு இடம் இருக்கு. அதுல அவங்க ஒப்புதல் வேணும்."

"யாரோட ஒப்புதல்?"

"பெறுபவர் உ.வ.ன்னு இருக்கே." ஐம்பது சார் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். "அவங்களோடது."

கோன்காரர் ஜன்னலைப் பார்த்தார். அலை வந்து படியில் மோதிவிட்டுப் போயிற்று.

"கடல்கிட்டயா கையெழுத்து வாங்கணும்?"

"கையெழுத்துன்னு இல்ல. நேர்ல வந்து பெற்றுக்கொண்டாலும் போதும். விதியில இடம் இருக்கு."

அன்று மாலை மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். கோபப்படவில்லை. அதுதான் கோன்காரருக்குப் பயமாக இருந்தது.

"கப்பல் கிளம்புறதுக்குள்ள கிடைக்குமா, கிடைக்காதா?"

"நாளைக்கு மாநாடு ஒண்ணு நடக்குதாம். ஆணையத் தலைவர் வர்றாராம். என்னையும் வரச் சொல்லியிருக்காங்க. கையில கோனை வெச்சுக்கிட்டு முன்வரிசையில உக்காரணுமாம். வருங்காலத்துக்குத் தயாரான தொழில்முனைவோர்னு எழுதி ஒரு அட்டை தந்திருக்காங்க. தலைவரைப் பார்த்து நேரா கேட்டுடறேன்."

"நீங்க கேட்டுக்கிட்டே இருங்க" என்றாள் அவள். "நானும் டிரைவர் தம்பியும் பெட்டிகிட்ட இருக்கோம். வெயில்ல மெழுகு இளகுதான்னு பார்க்கணும்."

'உலக வணிகம்: நாளையும் அதற்கு மறுநாளும்' என்பது மாநாட்டின் தலைப்பு. தரைத்தள அரங்கில் நடந்தது. வந்தவர்கள் எல்லோரும் கோட்டு, டை, சுருட்டிய கால்சட்டை. மேடைக்குப் பின்னால் முழுச்சுவரும் கண்ணாடி. அதன் வழியே பின்முற்றமும் அதற்கு அப்பால் கடலும் தெரிந்தன. தலைவர் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று பேசினார்.

"நண்பர்களே! பனி உருகுவதைச் சிலர் ஆபத்து என்கிறார்கள். நான் வாய்ப்பு என்கிறேன். ஆபத்து என்றால் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும். வாய்ப்பு என்றால் மாநாடு நடத்தினால் போதும்!"

கைதட்டல். தண்ணீரில் கால்கள் சளசளத்தன.

"உருகும் பனியை நான் நேரில் ஆராய்ந்தேன். விமானத்தில் போகும்போது. இறங்கிப் பார்க்க நேரமில்லை. கீழே குளிர் வேறு. வடக்கே திறக்கப்போகும் கடல்வழியை இந்த ஆணையம்தான் முதலில் கண்டு சொன்னது. அந்த வழியில் எதை அனுப்புவீர்கள் என்று கேட்கிறார்கள். வழி சொல்வது எங்கள் வேலை. சரக்கு கொண்டுவருவது உங்கள் வேலை. அந்தச் சரக்கை நிறுத்தி வைத்து, எந்த வழி என்று கேட்பது மறுபடியும் எங்கள் வேலை!"

பெரிய கைதட்டல். கணுக்காலில் இருந்த தண்ணீர் கெண்டைக்காலுக்கு வந்திருந்தது. தலைவர் பேச்சை நிறுத்தாமல் ஒரு நாற்காலியின்மேல் ஏறினார்.

"எங்கோ மழை தவறுகிறது, கோதுமை இடம் மாறுகிறது, சந்தை இடம் மாறுகிறது. எல்லாம் மாறுகிற இந்த உலகத்தில் மாறாத ஒன்று வேண்டாமா? அதுதான் நமது அட்டவணை. உயர்ந்து வரும் நாடுகள் தங்களுக்குள்ளேயே வியாபாரம் செய்யத் தொடங்கிவிட்டன என்று கேள்விப்படுகிறேன். நம்மைக் கேட்காமல் தொடங்கிவிட்டார்கள் என்பதில் எனக்கு வருத்தம். ஆனாலும் பெருந்தன்மையோடு அதை நமது சாதனைகளில் சேர்த்திருக்கிறோம்!"

தண்ணீர் முழங்காலைத் தொட்டது. முன்வரிசையில் யாரோ ஒருவருடைய செருப்பு மெல்ல மேடைப் பக்கம் போயிற்று. தலைவர் நாற்காலியிலிருந்து மேசைக்கு ஏறினார். ஒலிவாங்கியையும் தூக்கிக் கொடுத்தார்கள்.

"இந்த உயரத்திலிருந்து பார்க்கும்போது..." என்று தொடர்ந்தார்.

கோன்காரரின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. குனிந்து எடுத்தார்.

"என்னங்க, பெட்டி மெதக்குது."

"என்னது?"

"பெட்டிங்க! தண்ணி சரசரன்னு முற்றத்துக்குள்ள வந்துச்சு. பெட்டி அப்படியே எழுந்திரிச்சு நிக்குது. டிரைவர் தம்பி கயிறு கட்டிட்டாரு. நான் பின்னால இருந்து தள்ளுறேன். பஞ்சு மாதிரி போகுதுங்க."

"எங்க போகுது?"

"உங்க எதிர்லதான். கண்ணாடியப் பாருங்க, கைய ஆட்டுறேன்."

கோன்காரர் நிமிர்ந்தார். தலைவரின் முதுகுக்குப் பின்னால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அவருடைய இரும்புப் பெட்டி இடமிருந்து வலமாக மிகவும் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. முன்னால் லாரி டிரைவர் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தார். பின்னால் மனைவி ஒரு கையால் பெட்டியைத் தள்ளி மறு கையை ஆட்டினாள்.

கூட்டம் முழுவதும் அதைப் பார்த்தது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பெட்டி மிதக்கிறது என்றால் தண்ணீர் இருக்கிறது என்று ஆகும். அவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்றால் அது எங்கிருந்து வந்தது என்ற பேச்சு வரும். ஆகவே எல்லோரும் தலைவரையே உற்றுப் பார்த்தார்கள். பெட்டி அவர் தலைக்குப் பின்னால் வந்த இடத்தில் மட்டும் சிலர் தங்களை அறியாமல் கழுத்தை நகர்த்திக்கொண்டார்கள்.

"...நமது வணிகம் நகர்ந்துகொண்டே இருக்கிறது என்பதை நீங்கள் கண்கூடாகக் காணலாம்!" என்றார் தலைவர்.

அன்று எழுந்த கைதட்டல் போல ஆணையத்தில் முன்னும் பின்னும் எழுந்ததில்லை. கடைசி வரிசையில் ஐம்பது சார் எழுந்தே நின்று தட்டினார்.

பெட்டி, விழுந்த சுவரைத் தாண்டி, படகுத்துறையை ஒட்டிப் போய், கப்பலின் பக்கத்தில் இருந்த பாரந்தூக்கியின் அடியில் நின்றது. பாரந்தூக்கி ஓட்டுகிறவர் மேலே தன் கூண்டிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"யாருது பெட்டி? திசைச் சான்று இருக்கா?"

"எங்களுதுதான். கப்பல்ல இடம் பதிஞ்சிருக்கு. சான்று மட்டும் இல்ல" என்றாள் மனைவி, இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு.

அவர் தாடையைச் சொறிந்தார். "வாசல் வழியா வந்தா சான்று கேக்கணும்னு எழுதியிருக்கு. இது கடல் பக்கமா இல்ல வந்திருக்கு? கடல் வழியா வந்து இன்னொரு கப்பல்ல ஏறுற பெட்டிக்குச் சான்று வேண்டியதில்லையே."

"அப்போ ஏத்துங்க."

"எந்தக் கப்பல்ல இருந்து வந்துச்சுன்னு கேட்டா?"

"இதுதான் கப்பல்" என்றாள் அவள். "மெதந்துதானே வந்துச்சு?"

பாரந்தூக்கிக்காரர் சிறிது யோசித்துவிட்டுச் சங்கிலியை இறக்கினார். பெட்டி மேலே போகும்போது அதன் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. மனைவி கதவு இடுக்கைப் பார்த்தாள். மெழுகு விட்டிருக்கவில்லை.

மறுநாள் பின்முற்றத்தில் பெட்டியைக் காணோம் என்று ஆணையத்தில் பரபரப்பு. பெட்டி மிதந்து போய்விட்டது என்று எழுதினால் தொலைநோக்கு அறிக்கையை மறுபடி அச்சடிக்க வேண்டும். திருட்டுப் போய்விட்டது என்று எழுதினால் போலீஸ் வந்து முதலில் கால்சட்டையைச் சுருட்டும். பிறகு கேள்வி கேட்கும். தலைவர் கடல் பிரிவையும் பொருளாதாரப் பிரிவையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். மேல்மாடி அம்மையார் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஐம்பது சாரைப் பார்த்தார். ஐம்பது சார் கோப்பைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றி, தன் பணிக்காலத்தின் முதல் உத்தரவை எழுதினார்.

'மேற்படி சரக்கை உ.வ. நேரில் வந்து பெற்றுக்கொண்டது. கோப்பு முடிக்கப்படுகிறது.'

தலைவர் அதைப் படித்தார். "எந்த உ.வ.?" என்று கேட்க வாயைத் திறந்தவர், என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். மேல்மாடியில் அதைப் பொருளாதாரம் என்று படித்து, மஞ்சள் ஊசியைப் பிடுங்கிப் பச்சை குத்தினார்கள். தரைத்தளத்தில் வேறு விதமாகப் படித்தார்கள், யாரிடமும் சொல்லவில்லை.

சரக்கு போய்ச் சேர்ந்ததும் குரல் செய்தி வந்தது. கொள்முதல்காரர் பேசுவதற்கு முன்னால் போனுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு கோனை ஒடித்தார். படக்கென்று சத்தம் கேட்டது. கோன்காரரும் மனைவியும் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்கள். படக். அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னார் என்பதையே வெகு நேரம் கழித்துத்தான் கேட்டார்கள். போன தடவையைப் போல இரண்டு மடங்கு வேண்டுமாம்.

கோன்காரர் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு ஆணையத்துக்குப் போனார். நேராகத் தரைத்தளம். ஐம்பது சார் வழக்கம்போல மரப்பெட்டியில் பாதங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேசைமேல் முடிந்துபோன கோப்பு சட்டம் போட்ட படம் போல நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது.

"வாங்க சார். கோன் எப்படிப் போச்சு?"

"மொறுமொறுன்னு போய்ச் சேர்ந்துச்சு சார். இன்னும் ரெண்டு பெட்டி கேக்குறாங்க." கோன்காரர் தயங்கினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அதான்... உங்ககிட்ட ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு. அடுத்து பெரிசா எப்போங்க?"

"பெரிசான்னா?"

"கடல்."

ஐம்பது சாரின் முகம் கடுத்தது. "கடல் ஐம்பதுலதான் சார். எத்தனை தடவை சொல்றது?"

"மன்னிச்சுக்கோங்க. கசிவு. பெரிய கசிவு."

"ஓ, கசிவா?" என்றார் ஐம்பது சார். முகம் மலர்ந்துவிட்டது. கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மரப்பெட்டியிலிருந்து பாதங்களைத் தண்ணீரில் இறக்கி, சளக் சளக்கென்று நடந்து சுவர் காலண்டரிடம் போனார். வட்டங்களில் ஒன்றின்மேல் விரலை வைத்தார்.

"பௌர்ணமிக்கு மறுநாள் காலையில கொண்டாந்து வைங்க. சுவர் விழுந்த பக்கமா. கயிறு மட்டும் இன்னொண்ணு எடுத்துட்டு வந்துடுங்க, ரெண்டு பெட்டின்னு சொல்றீங்களே."